பத்திரிகை வைக்காத வீடு

புத்தூர் நாகபூஷணத்திடம் யாராவது "நீங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்று கேட்டால், "காலேஜில் கணக்கு வாத்தியார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவார். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். "பிஹெச்டி முடிஞ்சுதா?"

முடியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவர் கணக்கு நடத்துவார், பிள்ளைகள் செல்போன் பார்ப்பார்கள், இரு தரப்புக்கும் அதில் வருத்தம் கிடையாது. விடுமுறை நாளில் திருப்பதிக்கு பஸ் ஏறி, அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆராய்ச்சி. சேர்ந்தபோது தலையில் முடி இருந்தது. நைனா கண்ணை மூடுவதற்குள் பட்டம் வாங்கிக் காட்ட வேண்டும் என்று ஆரம்பித்தது. நைனாவும் தன்னால் முடிந்த மட்டும் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

ஆராய்ச்சி எதைப் பற்றி என்று மனைவி ஸ்ரீதேவிக்கு ஒரு முறை விளக்கியிருக்கிறார். கல்யாணமான புதிது, அவளும் ஆசையாகத்தான் கேட்டாள்.

"ஒரு எடம் இருக்குதுன்னு வெச்சுக்கோ. அதும்மேல துணி போத்தறோம். ஒரு புள்ளிகூட வெளிய தெரியக்கூடாது. துணிங்க கணக்கே இல்லாம ஒண்ணும்மேல ஒண்ணு குவிஞ்சு கெடக்கலாம். இப்ப அதையெல்லாம் சின்னச் சின்னதா வெட்டி, மறுபடியும் எடத்த முழுசாப் போத்தணும். ஆனா எந்தப் புள்ளியில நின்னாலும், சுத்துமுத்தும் கொஞ்சம் எடத்துல எண்ணி முடிக்கிற அளவு துணிதான் படணும். எப்பிடிப் போத்திக் குடுத்தாலும் இப்பிடி வெட்டிச் சீராக்க முடிஞ்சா, அந்த எடம் பாராகாம்பாக்ட்."

ஸ்ரீதேவி யோசித்துவிட்டு, "யாரு போத்தறது? எதுக்குப் போத்தறது?" என்றாள்.

அந்த இரண்டு கேள்விக்கும் அவரிடம் இன்றுவரை பதில் இல்லை. அவருடைய வழிகாட்டி பேராசிரியர் மனோரமா அம்மாவிடமும் இல்லை.

இதைவிடக் கொஞ்சம் தளர்ந்த நிபந்தனை ஒன்றும் உண்டு. சுற்றுமுற்றும் எப்படியோ போகட்டும், அந்தப் புள்ளியின் மேல் மட்டும் எண்ணி முடிக்கும் அளவு துணி கிடந்தால் போதும் என்பது அது. அக்கம்பக்கத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தன் ஒருவன் நிலைமையை மட்டும் பார்க்கிற நிபந்தனை. சில சூழ்நிலைகளில் இந்தத் தளர்ந்த நிபந்தனை இருந்தாலே அந்த இறுக்கமான நிபந்தனையும் தானாக வந்துவிடும் என்பதுதான் நாகபூஷணத்தின் கண்டுபிடிப்பு. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு லெம்மா, அதாவது ஒரு துணைத்தேற்றம். மீதி அத்தியாயங்கள் எல்லாம் அதன் தலையில்தான் உட்கார்ந்திருந்தன. அந்த லெம்மாவின் மேல் அவருக்கு இருந்த பாசத்தைப் பற்றி ஸ்ரீதேவி தன் தங்கையிடம் கேலியாகச் சொன்னதுண்டு. கேலி கொஞ்சம்தான், மீதியெல்லாம் வயிற்றெரிச்சல்.

இந்த வருஷம் எல்லாம் கூடி வந்தது. தீசிஸ் தட்டச்சாகி பைண்ட் ஆகிவிட்டது. மனோரமா அம்மா ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறார், அதற்குள் செமினார் கொடுத்துத் தாக்கல் செய்துவிட வேண்டும். அவர் போய்விட்டால் அந்தத் துறையில் டோபாலஜிக்கு, அதாவது இந்தத் துணி போர்த்தும் கணக்குக்கு, வேறு ஆள் கிடையாது. நாகபூஷணம் பாதிக் கிணற்றில் தொங்க வேண்டியதுதான். அதே மாதத்தில் அக்கா வெங்கடம்மாவின் மகள் ரக்ஷிதாவுக்குக் கல்யாணமும் நிச்சயமானது. அக்கா வாழ்க்கைப்பட்டது நகரி பக்கம், கரும்பும் மாந்தோப்பும் உண்டு. ஜில்லாவைப் பிரித்தபின் அக்கா சித்தூர் ஜில்லா, தம்பி திருப்பதி ஜில்லா. பாசத்தில் எந்தக் குறையும் இல்லை. நாகபூஷணம் தாய்மாமன், பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவர்.

அக்கா புருஷன் சின்னசாமி பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்தார். அந்தப் பக்கத்து வழக்கப்படி ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் தமிழ். அச்சாகி வந்த கட்டைப் பிரித்தபோது இரண்டு பக்கத்திலும் கொட்டை எழுத்தில் இருந்தது: தாய்மாமன் டாக்டர் ஆர். நாகபூஷணம்.

"இன்னா மாமா இது, இன்னும் வாங்கலியே!" என்று பதறினார் நாகபூஷணம்.

"செமினாரு மின்னாடி, கல்யாணம் பின்னாடி. அப்ப நீ டாக்டருதானே? கணக்கு வாத்தியாருக்கு நான் கணக்கு சொல்லணுமா?" என்றார் சின்னசாமி.

செமினார் முடிந்தபின் தாக்கல், அதற்கப்புறம் தேர்வாளர்கள், அதற்கப்புறம் வாய்மொழித் தேர்வு என்று விளக்க வாயெடுத்தார் நாகபூஷணம். எடுத்த வாய் அப்படியே நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த எழுத்து பார்க்க நன்றாக இருந்தது. பத்திரிகையை உள்ளே எடுத்துப் போய் ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்தார். தெலுங்குப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். இரண்டு மொழியிலும் பொருத்தமாகவே பட்டது.

அடுத்து, பத்திரிகை வைக்கும் வேலை. அந்தப் பக்கத்தில் அது சும்மா கொடுத்துவிட்டு வருகிற காரியம் இல்லை. புருஷன் பெண்டாட்டி ஜோடியாகப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பழத்தோடு வைத்து, பேரைச் சொல்லி அழைக்க வேண்டும். ஒரு வீடு விட்டுப் போனால் அந்த வீடு கல்யாணத்துக்கும் வராது, அடுத்த தலைமுறைக்கும் பேசாது. ஒரே வீட்டுக்கு நாலு ஜோடி போய் நின்றாலோ, "எங்க ஊட்டுல காபி குடிக்கத்தான் சுத்திக்கினு கீறாங்க" என்று பேச்சு வரும்.

"இத எங்கிட்ட உடுங்க" என்றார் நாகபூஷணம். வாழ்க்கையில் முதல் முறையாக அவருடைய படிப்புக்கு ஒரு வேலை வந்திருந்தது.

பெரிய சார்ட் காகிதம் வாங்கி வந்து கூடத்துச் சுவரில் ஒட்டினார். நகரி, சத்தியவேடு, வெதுருகுப்பம், ஏர்பேடு, நாயுடுபேட்டை என்று சொந்தம் இருக்கும் ஊருக்கெல்லாம் புள்ளி வைத்தார். ஜோடிகளைப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நிறத்தில் கோடு போட்டார். எந்த வீடும் விடுபடக்கூடாது, எந்த வீட்டுக்கும் இரண்டு ஜோடிக்கு மேல் போகக்கூடாது. வேலை முடிந்ததும் தள்ளி நின்று பார்த்து, "இதுதான் போர்வையைச் சீராக்கறது" என்று ஸ்ரீதேவியிடம் சொன்னார். அவள் அடுப்பில் பால் பொங்குகிறது என்று போய்விட்டாள்.

புத்தூர் நடுவில் இருப்பதால் எல்லா ஜோடியும் நாகபூஷணத்தின் வீட்டில் கூடித்தான் புறப்பட்டார்கள். கட்டு கட்டாகப் பத்திரிகை அங்கேதான் இருந்தது. காலையில் வருவார்கள், காபி குடிப்பார்கள், பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். அக்காவும் மாமாவும் தினமும் வந்தார்கள். நாகபூஷணமும் ஸ்ரீதேவியும் தங்கள் பங்கு ஊர்களுக்கு பைக்கில் போனார்கள்.

வெதுருகுப்பத்தில் ரங்கன் பெரியப்பா பத்திரிகையை வாங்கி, எட்ட வைத்துப் படித்தார். படித்தவுடன் வேட்டியை மேலே தூக்கினார்.

"டாக்டராயிட்டியா? நல்லதாப் போச்சு. இந்த முட்டியப் பாரு. ரெண்டு மாசமா மடக்க முடியல."

"பெரிப்பா, நான் அந்த டாக்டரு இல்ல. கணக்குல..."

"எதுலயோ ஒண்ணு. பாரு."

நாகபூஷணம் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் அமுக்கியும் பார்த்தார். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் இருந்து ஸ்ரீதேவி, "இன்னா டாக்டரு, ஊசி ஒண்ணும் போடலியா?" என்று கேட்டாள். அவர் வண்டியை வேகமாக விட்டார்.

கடைசி ஊரும் முடிந்த அன்று சாயங்காலம் நாகபூஷணம் சுவரிலிருந்த சார்ட் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டிலிருந்தும் குறை சொல்லிப் போன் வரவில்லை. ஸ்ரீதேவி காலிப் பைகளை மடித்துக்கொண்டிருந்தாள். முகம் சரியில்லை.

"எல்லா ஊட்டுக்கும் வெச்சாச்சா?" என்றாள்.

"ஒரு ஊடு பாக்கி கெடையாது."

"நம்ம ஊட்டுக்கு யாரு வெச்சது?"

நாகபூஷணம் சிரித்தார். "அக்காதான் தினமும் வந்தாளே."

"வந்தாங்க. காபி குடிச்சாங்க. பையத் தூக்கிக்கினு போனாங்க. வெச்சாங்களா? சாமிக்கு அடுத்தது தாய்மாமன் ஊடு. தட்டு வெச்சு, துணி வெச்சு அழைக்கணும். எங்கம்மா கேட்டா நான் இன்னா சொல்றது? கட்டு பிரிச்சுக் குடுத்தோம், அதனால நாங்க வேலக்காரங்கன்னா?"

"அப்பிடியெல்லாம் இல்ல ஸ்ரீ. பிளான்ல எங்கியாச்சும்..." என்று சார்ட்டைப் பார்த்தார். சிவப்புக் கோடு, பச்சைக் கோடு, நீலக் கோடு, எல்லாம் புத்தூரில் அவர் வீட்டு வாசலை ஒட்டித்தான் போயின. அவர் வீட்டுக்கு மட்டும் புள்ளியே வைக்கவில்லை. போர்வை போர்த்தியவன் தன் தலையைப் போர்த்திக்கொள்ளவில்லை. அது நிஜமாகவே வேடிக்கையாக இருந்ததால் மறுபடி வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. வாசல் வரை எல்லாம் வந்தும் உள்ளே ஒன்றும் வராத இடம் ஒன்று அவர் லெம்மாவிலும் இருந்தது.

ஒரு கூட்டம் எதை நெருங்கிக்கொண்டே போகிறதோ, அதுவும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருந்தால்தான் அது மூடிய கூட்டம், கணக்குப் பாஷையில் மூடிய கணம். ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, கால் என்று போகும் எண்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தனியாக மூடியதுதான். எந்தப் புள்ளியிலும் ஒன்றுக்கு மேல் கிடையாது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அவை பூஜ்யத்தை நெருங்கிக்கொண்டே போகின்றன, பூஜ்யத்தின் வாசலில் கூட்டமான கூட்டம், உள்ளே ஒருவரும் கால் வைக்கவில்லை. பூஜ்யம் வெளியே நிற்கிறது. இதை எம்.எஸ்ஸி. முதலாண்டில் படிக்கிறார்கள். போன வருஷம் அவரே ஒரு கல்லூரிக்கு வினாத்தாள் எடுத்தபோது இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருந்தார்.

பீரோவைத் திறந்து தீசிஸை எடுத்தார். மூன்றாம் அத்தியாயம். லெம்மாவின் நிரூபணம், நடுப்பக்கம். 'ஒவ்வொரு புள்ளியும் எண்ணி முடிக்கும் அளவு கணங்களிலேயே இருப்பதால், இந்த மூடிய கணங்களின் சேர்ப்பும் மூடியதே' என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தது. அக்கம்பக்கத்தைப் பார்க்கிற இறுக்கமான நிபந்தனை இருந்தால்தான் அப்படிச் சொல்லலாம். இவரிடம் இருந்தது தளர்ந்த நிபந்தனை. கடினமான இடமெல்லாம் சரியாக இருந்தது. மூச்சுப் பிடித்துத் தாண்டிய இடத்தில் எல்லாம் தப்பில்லை. படி இறங்கி வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் கால் இடறியிருந்தது.

ஊர்களையும் சொந்தங்களையும் எண்ணி முடித்துவிடலாம், அங்கே பாராகாம்பாக்ட் பற்றிய பேச்சுக்கே இடமில்லை, ஆகவே இந்த ஒப்புமை கணிதப்படி செல்லாது என்று அவருக்கு உடனே தோன்றியது. லெம்மாவும் செல்லாது என்பதும் கூடவே தோன்றியது.

"ஏங்க, நான் வெங்கடம்மா அண்ணி பத்திப் பேசிக்கினு கீறேன்" என்றாள் ஸ்ரீதேவி.

"லெம்மா போச்சு" என்றார் அவர்.

அடுத்து வந்த நாட்களில் அவர் அதை ஒட்டப் பார்த்தார். எவ்வளவோ காகிதம் கிழிந்தது. ஒரே ஒரு வழிதான் வேலை செய்தது. அந்த இறுக்கமான நிபந்தனையையே முதலில் எடுத்துக்கொண்டால் நிரூபணம் தங்கமாக ஓடியது. ஓடி முடிந்த இடத்தில் தேற்றம் என்ன சொல்கிறது என்று எழுதிப் பார்த்தார். பாராகாம்பாக்டான இடம் பாராகாம்பாக்டாக இருக்கும் என்று சொன்னது. ஒரு மனிதன் தன் முடியையும் இளமையையும் கொடுத்துக் கண்ட உண்மை அது. அவருக்கே தன் மேல் பரிதாபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

அப்போது ரங்கன் பெரியப்பா போன் செய்தார். ஒத்தடத்தில் முட்டி மடங்குகிறதாம், கழனிக்கு நடந்தே போய்விட்டு வந்தாராம். நாகபூஷணம் தன் வாழ்நாளில் சொன்னவற்றில், வெளியார் ஒருவர் சோதித்துச் சரியென்று ஒத்துக்கொண்ட முதல் முடிவு அதுதான்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்ற நினைப்பு வராமல் இல்லை. நன்றாகவே வந்தது, வந்து காலை நீட்டி உட்கார்ந்தது. மனோரமா அம்மாவே படித்துவிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. தேர்வாளர்கள் முன்னுரையையும் முடிவுரையையும் படித்துவிட்டு நடுவில் இரண்டு எழுத்துப்பிழையைச் சொல்வார்கள் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். பத்திரிகை சொந்தம் இருக்கும் ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் டாக்டர், திறந்தால் அத்தனை ஊரிலும் பொய்யன்.

ஸ்ரீதேவியிடம் சொன்னார். இந்தத் தடவை அவள் அடுப்பைப் பார்க்கப் போகவில்லை, முழுசாகக் கேட்டாள்.

"அது தப்புன்னு வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கு."

"எனக்கு நீங்க சொன்னதால தெரியும். வேற யாருக்கும் தெரியாது இல்ல?"

"தெரியாது. யாருக்கும் தெரியப்போறதும் இல்ல."

"நம்ம ஊட்டுக்குப் பத்திரிகை வெக்கலன்னு ஊர்ல யாருக்கும் தெரியாது. அண்ணிக்கே தெரியாது. ஆனா எனக்கு எரிஞ்சுக்கினே கீதே. உங்களுக்கு எரியாதுன்னா உட்டுடுங்க."

எரிந்தது. அதுதான் கஷ்டம். சரியாக மூன்றாம் அத்தியாயம் இருக்கும் இடத்தில் எரிந்தது.

திருப்பதியில் மனோரமா அம்மா தன் அறையில் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சித்தூரில் பிறந்து திருப்பதியில் வேலை பார்த்தவர், தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் வரும். நாகபூஷணம் கரும்பலகையில் ஒன்று, அரை, மூன்றில் ஒன்று என்று எழுத ஆரம்பித்ததுமே அவர் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏமய்யா நாகபூஷணம், இத நான் வரி வரியாப் படிச்சேன் கதா, இல்லியா!"

"நானும்தான் மேடம். எழுதினதே நான்தான்."

அவரே சாக்கட்டியை வாங்கி, தானும் ஒட்டிப் பார்த்தார். பலகை நிறைந்து, அழித்து, மறுபடி நிறைந்தது. கடைசியில் கையைத் தட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. அவமானமா, கோபமா என்று நாகபூஷணத்துக்குத் தெரியவில்லை.

"செமினார்ல நான் வாயத் தெறக்கமாட்டேன். தீசிஸ் உன்னுது, நீ இன்னா சொல்றியோ சொல்லு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. நான் போனப்பறம் உன்ன எடுத்துக்க இங்க ஆள் கெடையாது. வேற யூனிவர்சிடி, வேற கைடு, மொதல்லேந்து. அந்தே, அவ்ளோதான்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுக்கினே வந்தியா?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி பெட்டியில் புத்தகம் அடுக்க ஆரம்பித்தார்.

செமினார் என்பது அந்தத் துறையில் ஒரு சடங்கு. ஆய்வாளர் பேசுவார், கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், பின்னால் மேசையில் சமோசா ஆறிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வியை ஆய்வாளரே எழுதி முன்கூட்டியே யாரிடமாவது கொடுத்துவைப்பார். நாகபூஷணம் மே மாதமே, எல்லாம் நன்றாக இருந்த காலத்தில், கூட ஆராய்ச்சி செய்யும் ஹரிபிரசாத்திடம் கொடுத்துவைத்திருந்தார். தன் லெம்மாவைப் பற்றித் தானே பெருமை பேசிக்கொள்ளத் தோதான கேள்வி. அதைத் திரும்ப வாங்க மறந்துபோனார்.

மேடையில் அவர் இரண்டாம் அத்தியாயம் வரை நன்றாகவே பேசினார். மூன்றாம் அத்தியாயம் வந்தது. ஸ்லைடைத் தாண்டிவிட விரல் தானாகவே பொத்தானைத் தேடியது, தேடியதை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஹரிபிரசாத், தூக்கம் கலைந்தவனாகவோ நேரம் கணக்குப் போட்டவனாகவோ, சட்டென்று எழுந்தான்.

"சார், உங்க லெம்மா இந்தத் துறைக்கு எவ்வளவு முக்கியமானதுன்னு கொஞ்சம் விளக்க முடியுமா?"

"லெம்மா தப்பு" என்றார் நாகபூஷணம்.

"ரொம்ப நன்றி சார். தெளிவாப் புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு ஹரிபிரசாத் உட்கார்ந்தான். அவனுக்கு எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான்.

யாரோ கைதட்டத் தொடங்கி நிறுத்தினார்கள். துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நாகபூஷணம் பலகைக்குப் போய் ஒன்று, அரை, மூன்றில் ஒன்று என்று எழுதி, பூஜ்யத்தை மட்டும் தனியாக வட்டம் போட்டுக் காட்டினார். எந்த இடத்தில் சறுக்கினார், அதனால் எந்தெந்த அத்தியாயம் விழுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குத்தான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். விழுகிற வீட்டைப் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான்.

'திருத்தியபின் மீண்டும் வரலாம்' என்று துறைத் தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். திருத்துவதற்கு அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. வெளியே மனோரமா அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், கோவமா?"

"கோவம்தான்யா. உம்மேலயும், எம்மேலயும். போ, சமோசா துன்னுட்டுப் போ."

தின்றுவிட்டுத்தான் வந்தார். புத்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, நான் டாக்டர் ஆகல. ஆகப்போறதும் இப்ப இல்ல."

மறுமுனையில் சின்னசாமியின் குரல் கேட்டது, "அச்சானது அச்சானதுதான், உடு" என்று. அக்கா போனை வைத்துவிட்டாள். நாகபூஷணத்துக்கு அன்று முழுக்க வராத அழுகை அப்போது வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் பார்க்காத மாதிரி இருந்தார்.

மறுநாள் காலை அக்காவும் மாமாவும் வாசலில் நின்றார்கள். தினமும் வருகிற மாதிரி வரவில்லை. அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தாள், கையில் தாம்பாளம், அதில் வேட்டி, புடவை, பழம், பூ. பத்திரிகை வைக்காத விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நாகபூஷணம் ஸ்ரீதேவியைப் பார்த்தார். ஸ்ரீதேவி கூரையைப் பார்த்தாள்.

"ஸ்ரீதேவி, எம்மேல தப்புதான்" என்றாள் வெங்கடம்மா. "இந்த ஊட்ட எங்க ஊடுன்னே நெனச்சுட்டேன். எங்க ஊட்டுக்கு எப்பிடி நானே வெப்பேன்? அதான் தோணல."

"பரவால்ல அண்ணி" என்றாள் ஸ்ரீதேவி. கண் கலங்கியிருந்தது. இரண்டு பேரும் ஜோடியாக நின்று தட்டை வாங்கிக்கொண்டார்கள். தட்டில் பத்திரிகை தெலுங்குப் பக்கம் மேலாக இருந்தது. அதில் அவர் பெயருக்கு முன்னால் இருந்த 'டாக்டர்' நீல மையால் அழுத்தமாக அடிக்கப்பட்டிருந்தது.

"ஊருக்கெல்லாம் நீ டாக்டருதான் தம்பி. போட்டது போட்டதுதான், எவனாச்சும் கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றாள் அக்கா. "ஆனா உனக்கு வெக்கிறதுல பொய் இருக்கக்கூடாதுன்னு அடிச்சுட்டேன். எந்தம்பிய எந்தம்பின்னு கூப்புட எனக்கு அது வேணாம்."

நாகபூஷணம் பத்திரிகையைத் திருப்பினார். தமிழ்ப் பக்கத்தில் டாக்டர் அப்படியே இருந்தார்.

"தமிழு எனக்குப் படிக்க வராதே" என்று அக்கா பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். "அந்தப் பக்கம் நீயே அடிச்சுக்கோ."

அவர் பேனாவை வாங்கினார். அந்த எழுத்து இன்னும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நகரியிலும் சத்தியவேட்டிலும் வெதுருகுப்பத்திலும் வீட்டுக்கு வீடு அலமாரியில் தப்புப் பிரதி ஒன்று இருந்தது. சரியான பிரதி உலகத்தில் இது ஒன்றுதான், இதிலும் பாதிதான் சரி. பத்திரிகையை மேசைமேல் வைத்து, முழு வார்த்தையும் மறையும்படி ஒரே கோடாக அடித்தார்.

"இப்ப படி" என்றாள் அக்கா.

"தாய்மாமன் ஆர். நாகபூஷணம்" என்று அவர் படித்தார்.

"சரியா கீதா?"

"சரியா கீது" என்றார் அவர். ஸ்ரீதேவி காபி போடப் போனாள்.